முக்கொம்பு வாலாட்டி எந்தத் துணையினம்?

நீர்க்காகம்: ஜனவரிக் காலையில் முக்கொம்புக்குக் கீழே காவிரி மணல்திட்டில் எடுத்த படம். முதுகு சாம்பல், நெற்றியும் தொண்டையும் வெள்ளை, மார்பில் கரும்பிறை. இங்கேயே கூடு கட்டும் வெண்புருவ வாலாட்டி அல்ல; அதற்கு அலகின் அடிவரை கறுப்பு, புருவம் மட்டும்தான் வெள்ளை. வலசை வரும் வெள்ளை வாலாட்டிதான். தொண்டை வெளுத்திருப்பதால் கிழக்காசியாவின் லியூகாப்சிஸ் துணையினம் என்று பதிந்துவிட்டேன்.

செங்கால்நாரை: தொண்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள் நண்பரே. கோடையில் தொண்டை கறுத்திருக்கும் துணையினங்களுக்கும் குளிர்காலத்தில் அது வெளுத்து, பிறை மட்டும் மிஞ்சும். காதுப் பகுதியைப் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் கருமை இறங்கிக் கழுத்தோரமாகப் பிறையைத் தொடுகிறது. லியூகாப்சிஸுக்கு அந்த இடம் வெள்ளை. இது மத்திய ஆசியாவிலிருந்து வரும் பெர்சொனாட்டா.

நீர்க்காகம்: வெயில் எதிர்ப்பக்கம் இருந்தது. அது நிழல்.

பனங்காடை: நிழலோ இறகோ, ஒரே படத்தை வைத்துத் துணையினம் சொல்வதே தவறு. மத்திய ஆசியாவில் பெர்சொனாட்டாவும் அல்பா என்ற இன்னொரு துணையினமும் சந்திக்கும் இடங்களில் கலப்புக் குஞ்சுகள் பிறக்கின்றன. மைட்டோகாண்ட்ரிய மரபணு ஆய்வுகளும் இறகு நிறப் பிரிவுகளோடு ஒத்துப்போகவில்லை. 1832-இல் பறவையியலாளர் சைக்ஸ் தக்காணத்தின் பெயரில் விவரித்த டுகுனென்சிஸ் என்ற துணையினத்தைப் பலர் இப்போது அல்பாவோடு சேர்த்துவிட்டார்கள். 'வெள்ளை வாலாட்டி' என்று எழுதினால் போதும்.

செங்கால்நாரை: போதாது ஐயா. இந்தக் காவிரி மணலுக்கு எந்தத் திசையிலிருந்து பறவை வருகிறது என்பதை அந்தக் காதோரக் கருமைதான் சொல்கிறது. அதை எழுதாமல் விட்டால் பின்னால் யாராலும் மீட்க முடியாது. கலப்பாக இருக்கலாம் என்ற ஐயத்தையும் சேர்த்தே எழுதுவோம்.

நீர்க்காகம்: அன்று எடுத்த மற்ற படங்களைத் தேடிப் பார்த்தேன். ஒன்றில் பறவை திரும்பி நின்று, ஈர மணலில் பூச்சியைக் கொத்துகிறது. வெயில் நேராக முகத்தில் விழுகிறது. அந்தப் பக்கமும் காது கறுத்துத்தான் இருக்கிறது. நிழல் என்று நான் சொன்னது தவறு. லியூகாப்சிஸ் என்ற பதிவை நீக்கிவிட்டேன்.

பனங்காடை: நல்லது. ஆனால் அதன் இடத்தில் பெர்சொனாட்டா என்று எழுதிவிடாதீர்கள். கன்னத்தில் லேசான மஞ்சள் தெரிகிறது. முதல் குளிர்காலத்து இளம்பறவையாக இருந்தால் கருமையின் எல்லை தெளிவாக இருக்காது.

செங்கால்நாரை: மஞ்சளை நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். மார்ச்சில், ஊர் திரும்புமுன் தலை இறகு மாற்றும். பெர்சொனாட்டா என்றால் தொண்டையும் கறுத்து, வெள்ளை முகம் முகமூடிபோலத் தனித்து நிற்கும்.

நீர்க்காகம்: அதே திட்டுக்கு மார்ச் மூன்றாம் வாரம் போகிறேன். அதுவரை பதிவில் 'வெள்ளை வாலாட்டி, காதோரம் கருமை' என்று மட்டும் இருக்கும்.