மாற்றிய ஃபர்ம்வேர் உள்ள பிஎஸ்3: கார்டு எண் இதன் வழியே போயிருக்குமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். அக்கா மகனுக்காகப் பொள்ளாச்சியில் ஒரு கடையில் பழைய பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) கேம் பெட்டி வாங்கினோம். மாடல் சிஇசிஎச்-2504. உள்ளே இருப்பது ஒரிஜினல் அல்ல, யாரோ மாற்றிப் போட்ட 4.84 ஃபர்ம்வேர், அதாவது பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருள். ஜனவரியில் அக்கா மகன் அதில் என் பிளேஸ்டேஷன் கணக்கில் நுழைந்தான். பிப்ரவரி கடைசியில் என் கிரெடிட் கார்டிலிருந்து டாலரில் பணம் போயிருக்கிறது, ஓடிபி கேட்காமலே.

கார்டை முடக்கி, மூன்று வேலை நாளுக்குள் வங்கியில் புகார் கொடுத்தாயிற்று. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்லிவிட்டேன். பிளேஸ்டேஷன் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டேன். அப்புறம் சேஃப் மோடில் யுஎஸ்பி வழியாக ஒரிஜினல் ஃபர்ம்வேர் ஏற்றப் பார்த்தால் பாதியில் பிழை காட்டி நிற்கிறது. கடைக்காரர் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்கிறார். அவருக்கென்ன!

குழப்பம் இதுதான்: கார்டு எண்ணை இந்தப் பெட்டியில் யாரும் தட்டவே இல்லை. 2021 அக்டோபருக்குப் பிறகு பிஎஸ்3-இல் நேரடியாகக் கார்டில் பணம் கட்டவும் முடியாது. கார்டை என் கணக்கில் போன் வழியாகத்தான் சேர்த்தேன். கணக்கிலும் கடைசி நான்கு எண்கள்தான் தெரிகின்றன. பெட்டிக்குள் போனது பாஸ்வேர்டு மட்டும்.

மாற்றிய ஃபர்ம்வேர் பாஸ்வேர்டைத் திருடியிருந்தாலும், அதை வைத்து முழுக் கார்டு எண்ணை எடுக்க வழி உண்டா, இல்லை கசிவை வேறு இடத்தில் தேட வேண்டுமா?