வரைவு விதிக்கு நாம் அனுப்பும் கருத்தை அரசு பரிசீலித்தே ஆக வேண்டுமா?

ஏரிக்கரை:
மத்திய அமைச்சகம் ஒன்று வரைவு விதிகளை அரசிதழில் வெளியிட்டு, மின்னஞ்சலில் கருத்து கேட்டிருக்கிறது. குடியிருப்போர் சங்கம் சார்பில் அனுப்பப் போகிறோம். அதைப் பரிசீலிக்கணும்னு சட்டம் ஏதும் உண்டா? தமிழில் அனுப்பலாமா?

செங்காந்தள்:
தாய்ச் சட்டத்தில், அதாவது இந்த விதிகள் எந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றனவோ அதில், விதி இயற்ற அதிகாரம் தரும் பிரிவை முதலில் பாருங்க. வரைவை முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தால், மத்தியச் சட்டங்களுக்கெல்லாம் பொதுவான 1897-ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 23-வது பிரிவு பொருந்தும். குறித்த தேதிக்கு முன் வந்த ஆட்சேபம், யோசனை எல்லாவற்றையும் பரிசீலிப்பது அப்போது சட்டக் கடமை. ஏற்றுக்கொள்ளணும்னு கட்டாயம் இல்லை.

மசோதாவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2014-இல் மத்திய அரசு கொண்டுவந்த, சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை குறைந்தது 30 நாள் கருத்து கேட்கச் சொல்கிறது. ஆனால் அது கொள்கைதான், சட்டமல்ல. இது பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டியது.

நெய்தல்:
தமிழில் தாராளமாக அனுப்பலாம். குறைதீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-வது உறுப்பு. கூடவே ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கம் வையுங்க, கோப்பு நகரும். 2020 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு முதலில் இந்தி, ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது.

"இந்த விதி வேண்டாம்" என்று மொத்தமாக எழுதினால் எடுபடாது. அறிவிக்கை எண், தேதி, விதி எண், இப்போதுள்ள வாசகம், அதனால் யாருக்கு என்ன பாதிப்பு, அதற்குப் பதில் நீங்கள் கேட்கும் வாசகம் என்று விதி விதியாக எழுதுங்க. ஒரே நகலை நூறு பேர் அனுப்பினாலும் புதுசாகப் பரிசீலிக்க அதில் ஒன்றும் இருக்காது. கடைசி நாளில் அமைச்சகத்தின் மின்னஞ்சல் பெட்டி நிரம்பி, நீங்கள் அனுப்பியது திரும்பி வரலாம். ஸ்பீடு போஸ்ட்டிலும் ஒரு பிரதி போடுங்க.

செங்காந்தள்:
அனுப்பியதோடு விடாதீங்க. மத்திய ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) இணையதளத்தில் 10 ரூபாய் கட்டி, எத்தனை கருத்துகள் வந்தன என்று கேளுங்க. அவற்றைப் பரிசீலித்த கோப்புக் குறிப்பின் நகலையும் கேளுங்க. விண்ணப்பப் பெட்டியில் 3,000 எழுத்துகள்தான் கொள்ளும், மிஞ்சினால் பிடிஎஃப் ஆக இணைக்கணும். மாநில அரசு அலுவலகத்துக்கான மனுவை அங்கே போட்டால் திருப்பி விடுவார்கள், பணம் வராது. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.