முதல் ஒலிம்பிக் 100 மீட்டர்: பர்க் ஜெயித்தது குனிந்து கிளம்பியதாலா?

சாம்பல்தடம்:
1896 ஏதென்ஸில் அமெரிக்காவின் தாமஸ் பர்க் 12.0 விநாடியில் ஜெயித்ததற்கு, கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து கிளம்பியதுதான் காரணம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நான் ஏற்கவில்லை. அவர் அடிப்படையில் 440 கஜ ஓட்டக்காரர். மூன்று நாள் முன்பு 400 மீட்டரை 54.2-ல் முடித்தார், அடுத்து வந்த ஜேமிசன் 55.2. அந்தத் தூரத்தில் கிளம்பும் விதம் ஒரு முழு விநாடியைக் கொடுக்குமா?

குத்துக்கால்:
400-ஐ வைத்து 100-ஐ அளக்காதீங்க. 100-ல் இரண்டாவது வந்த ஹாஃப்மன் 12.2. இடைவெளி ஒன்றரை மீட்டர் சொச்சம்தான். நின்றபடி கிளம்பினால் முதல் அடியிலேயே உடம்பு நிமிர்ந்துவிடும், உதைக்கிற விசை மேலே போய் வீணாகும். கையூன்றிக் குனிந்தால் விசை முன்னால் தள்ளும். கிளம்பும் புகைப்படத்தில் பர்க் இரண்டு கையையும் தரையில் ஊன்றியிருக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு மாதிரி நிற்கிறார்கள்.

சாம்பல்தடம்:
முதல் சுற்றில் இதே பர்க் 11.8. இறுதியில் 12.0. குனிவு எங்கே போச்சு?

குழிவெட்டி:
இரண்டு பேருமே 0.2-ஐ ரொம்ப நம்புறீங்க. அந்தக் கடிகாரம் விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் காட்டும். 11.8-ம் 12.0-ம் அடுத்தடுத்த கோடுகள். ஹாஃப்மன் பின்தங்கியதும் அதே ஒரு கோடுதான்.

அப்புறம், குனிந்தால் மட்டும் போதாது. காலை வைத்து உதைத்துக் கிளம்புகிற கிளம்புகட்டை ஒலிம்பிக்குக்கு வந்ததே 1948-ல். அதற்கு முன் கால் வைக்கச் சின்னக் கரண்டியால் தோண்டிய குழிதான். முன்கால் குழி கோட்டிலிருந்து ஏறக்குறைய இரண்டு சாண். மண்டியிட்டால் பின்முழங்கால் முன்பாதத்தின் பக்கத்தில் வரணும், அதற்கேற்ற இடத்தில் பின்குழி. பின்சுவர் செங்குத்தா இருக்கணும். சரிவா இருந்தா பாதம் வழுக்கும். ஏதென்ஸ் தடமோ அவசரத்தில் போட்ட இளகலான கரித்தூள். அதில் ஆழமில்லாத குழி முதல் உதையிலேயே இடிந்துவிடும். உறுதியான தடத்தில் கிடைக்கிற லாபம் அங்கே கிடைத்திருக்காது.

குத்துக்கால்:
தடம் எல்லாருக்கும் ஒன்றுதானே சார். யேல் பல்கலைக்கழக ஓட்டக்காரர் ஷெரில் 1888-லேயே குனிந்து கிளம்பிக் காட்டினார். எட்டு வருஷம் அமெரிக்காவில் பழகின உத்தி அது. அந்தப் பழக்கம்தான் பர்க்கின் பலம்.

சாம்பல்தடம்:
போட்டியும் லேசு. 1891-லேயே பாரிஸில் அமெரிக்கர் லூதர் கேரி 100 மீட்டரை 10.8-ல் ஓடியாச்சு. அமெரிக்காவின் அன்றைய வேகமான ஆள் பெர்னி வெஃபர்ஸ் ஏதென்ஸுக்கே வரவில்லை. முதல் சுற்றில் தன் பிரிவில் ஜெயித்த இன்னொரு அமெரிக்கர் கர்டிஸ், 110 மீட்டர் தடை ஓட்டத்துக்காக இறுதியிலிருந்து விலகினார். இந்த மூன்றையும் விட்டுவிட்டுக் குனிவை மட்டும் புகழ்வது பர்க்குக்கே அநியாயம். அவர் 400-ல் காட்டிய வலுவை யாரும் பேசுவதே இல்லை.

குழிவெட்டி:
அதோடு, மறுவருஷம் முதல் பாஸ்டன் மாரத்தானைத் தொடங்கிவைத்ததும் அவர்தான். ஆஷ்லாந்தில் மண்சாலையில் காலால் கோடு கிழித்து, துப்பாக்கி இல்லாமல் வாயாலேயே குரல் கொடுத்து அனுப்பினார்.

குத்துக்கால்:
வெஃபர்ஸ் வராதது சரி. ஆனா வந்தவர்களில் ஹாஃப்மனை முந்தணுமே. முதல் பத்து மீட்டரில்தான் முந்தினார் என்பதை நான் விட்டுத்தரமாட்டேன்.