கலத்துக்கு வெளியே உள்ள புரதம் வெறும் சீமெந்துதானா? வகுப்பில் மாட்டிக்கொண்டேன்

கொக்குவில் பயோ சேர்:
ஏ.எல். பிள்ளைகளுக்கு ரியூசனில் உயிரியல் எடுக்கிறேன். கலப்புறத் தாயம் (கலங்களுக்கு வெளியே அவற்றைச் சூழ்ந்திருக்கிற புரத வலை) வரும்போதெல்லாம் "கலம் கல், இடையில் இருக்கிற புரதம் சீமெந்து" என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன், பல வருடமாக ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. போன சனிக்கிழமை பின்வாங்கில் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், கருவில் மூளை வளரும்போது நரம்பு மூலக்கலங்கள் ஊர்ந்து போவதை வீடியோவில் பார்த்தேன், சீமெந்துக்குள்ளால் எப்படிப் போகும்?" என்று கேட்டாள். அடுத்த கிழமை சொல்கிறேன் என்று தப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து வாசித்தால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. லமினின் என்ற ஒரே புரதம் ஓரிடத்தில் கலத்தைக் கட்டி வைக்கிறதாம், இன்னோரிடத்தில் நகர உதவுகிறதாம். இடையில் ரீலின் என்று வேறொன்று. தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்கு முன் எழுதுங்கோ.

ஆய்வுகூடத்து அக்கா:
சேர், முதலில் கேள்வியிலேயே ஒரு திருத்தம். மூலக்கலம் பெரும்பாலும் ஊரை விட்டுப் போவதில்லை. ரேடியல் கிளியா என்பார்கள், அதன் உடல் மூளையின் உட்குழியை ஒட்டியே இருக்கும், ஒரு நீண்ட இழை மட்டும் மூளையின் வெளிப்பக்கம் வரை போய் அங்கே உள்ள அடித்தள மென்சவ்வில் ஒட்டிக்கொண்டிருக்கும். பயணம் போவது அது பெற்ற பிள்ளைகள், அதாவது இளம் நியூரோன்கள் (நரம்புக்கலங்கள்). அவற்றில் பெரும்பாலானவை அந்த இழையைக் கட்டிப்பிடித்து, பனையில் ஏறுவதுபோல மேலே ஏறுகின்றன. பாஸ்கோ ராகிச் 1972இல் குரங்குக் கருக்களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் காட்டியது இதைத்தான்.

இப்போது லமினின். இழையின் நுனி ஒட்டியிருக்கிற மென்சவ்வில் லமினின் நிறைய இருக்கிறது. கலத்தின் பக்கத்தில் இன்ரெக்ரின், டிஸ்ரோகிளைக்கன் என்ற வாங்கிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பிடி பழுதானால் மென்சவ்வில் ஓட்டை விழுந்து, ஏறி வந்த நியூரோன்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மூளைக்கு வெளியே கொட்டுப்படும். பிறவியிலேயே வருகிற சில தசைத்தேய்வு நோய்களில் மூளையின் மேற்பரப்பு கூழாங்கல் பரப்பியதுபோல இருப்பது அதனால்தான்.

அதே லமினினை ஆய்வுகூடத்தில் தட்டில் பூசினால் கலங்கள் அதன்மேல் நன்றாக நகரும். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. மணற்காட்டு மணலில் சைக்கிள் ஓடிப் பாருங்கோ, பிடிமானம் இல்லாமல் சில்லு சுற்றும். மாரியில் வயல் சேற்றில் ஓடினால் புதைந்து நிற்கும். கலத்துக்கும் நடுத்தரமான ஒட்டுதான் ஓட வசதி. எவ்வளவு புரதம் இருக்கிறது, கலத்தில் எந்த வாங்கி எத்தனை இருக்கிறது, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கடைசிசீற்:
ரீலினை நான் சொல்கிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பருத்தித்துறை மினிபஸ்ஸை நினையுங்கோ. முதலில் ஏறியவர்கள் கதவடியில் இருக்கிறார்கள், பிறகு ஏறுபவர்கள் அவர்களை நெரித்துக் கடந்து பின்னுக்குப் போகிறார்கள். மூளைய மேற்பட்டையின் ஆறு படைகளில் பெரும்பகுதி அப்படித்தான் நிரம்புகிறது, முந்திப் பிறந்தவை ஆழத்தில், பிந்திப் பிறந்தவை அவற்றைக் கடந்து மேலே. மேல் விளிம்பில் நிற்கிற கஹால்-ரெற்சியஸ் கலங்கள்தான் கொண்டக்டர், அவை வெளியே சுரக்கிற புரதம்தான் ரீலின், மூவாயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய சாமான். அது இல்லாவிட்டால் பிந்தி வந்தவை முந்தியவற்றைக் கடக்க முடியாமல் கீழேயே குவிந்துவிடும், படைகள் ஏறக்குறையத் தலைகீழ். ரீலின் இல்லாமல் தள்ளாடி நடக்கிற ரீலர் சுண்டெலியை எடின்பரோவில் ஃபல்கனர் 1951இலேயே விவரித்துவிட்டார், காரணமான பரம்பரையலகு பிடிபட்டது 1995இல்தான். மனிதரில் இந்தப் பரம்பரையலகு விகாரப்பட்டால் மூளையின் மடிப்புகள் குறைந்து, மூளியும் (சிறுமூளை) சிறுத்துப்போகும்.

உவமைக்கு எதிரி:
பஸ் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் கொண்டக்டர் பின்னால் நின்று கூப்பிடுகிறார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2002இல் ரீலர் எலிகளில் ரீலினை மேல் விளிம்பில் அல்ல, கீழே மூலக்கலங்கள் இருக்கிற பக்கத்தில் சுரக்க வைத்துப் பார்த்தார்கள். கூப்பிடும் குரல் என்றால் எல்லாம் கீழேயே நின்றிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை, ஆரம்பப் படை பிரிவது ஓரளவு சரியானது, தள்ளாட்டமும் குறைந்தது. படைகள் முழுதாகச் சீராகவில்லை என்பதும் உண்மை, ஆக இடமும் முக்கியம், ஆனால் இடம் மட்டுமே முக்கியம் இல்லை.

இன்னொன்று. ரீலின் இருந்தாலும் அதை வாசிக்கிற வாங்கிகள் இரண்டும் இல்லாத எலிக்கும் ரீலருக்கும் மூளையில் வித்தியாசம் காண்பது கஷ்டம். அந்த வாங்கிகள் கொழுப்பைக் காவுகிற லிப்போபுரதங்களைப் பிடிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று முதலில் வாசித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

கொக்குவில் பயோ சேர்:
அனைவருக்கும் நன்றி. அக்கா, மூலக்கலம் வீட்டிலேயே இருக்கிறது என்றால், அதற்கு வெளிப்புரதம் ஒன்றும் செய்வதில்லையா? அவள் அதையும் கேட்பாள், எனக்குத் தெரியும்.

ஆய்வுகூடத்து அக்கா:
செய்கிறது, நிறையவே. வளர்ந்த எலியின் மூளைக்குழியோரத்தில் இன்னும் மூலக்கலங்கள் இருக்கின்றன. அங்கே பீஎம்பீ என்ற புரதம் "நியூரோன் ஆகாதே, கிளியா (நியூரோன்களுக்குத் துணை நிற்கிற கலம்) ஆகு" என்ற பக்கம் தள்ளும். குழியின் சுவரை மூடியிருக்கிற பக்கத்து எப்பென்டைமா கலங்கள் நொகின் என்ற இன்னொரு புரதத்தைச் சுரந்து பீஎம்பீயைப் பிடித்து அடக்குகின்றன, அந்த இடைவெளியில்தான் புது நியூரோன்கள் பிறக்கின்றன. தாயத்தில் உள்ள ஹெப்பரான் சல்பேற்று என்ற சர்க்கரைச் சங்கிலிகள் எஃப்ஜீஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்து வைத்து, கலத்துக்குக் கிட்டடியில் கொடுக்கின்றன. இதை நீங்கள் சீமெந்து என்று சொன்னால் நான் கோபிப்பேன், இது பலசரக்குக் கடை.

பிறந்த இளம் நியூரோன்கள் அங்கிருந்து மணநுகர்ச்சிக் குமிழுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஊர்ந்து சங்கிலியாகப் போகின்றன, சில மில்லிமீற்றர் தூரம். ஸ்லிற் என்ற புரதம் பின்னாலிருந்து விரட்டுகிறது. மனிதரில் இப்படிப்பட்ட ஓட்டம் கைக்குழந்தைகளில் உண்டு, ஏறக்குறைய 18 மாதத்துக்குப் பிறகு காணக் கிடைக்கவில்லை என்று 2011இல் எழுதினார்கள்.

கொக்குவில் பயோ சேர்:
சரி, பஸ்ஸையும் மணலையும் சேற்றையும் எடுத்துக்கொள்கிறேன். சீமெந்தை இனி எலும்புப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

உவமைக்கு எதிரி:
எலும்புக்குள்ளும் கலங்கள் அரித்து அரித்துத் திரும்பக் கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, சேர். அந்தப் பிள்ளை பின்வாங்கில் இருக்கிறாள், மறந்துவிடாதீர்கள்.