பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்தால் மிஸ்ஸிக்கு யார் சொல்வது?

சுங்கை சிப்புட் அம்மா:
மகளைக் கிள்ளானில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம் அங்கே ஆனது. மூன்றாம் நாளே பச்சை உடம்போடு எங்கள் தோட்டத்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்து பார்க்கும் கிளினிக் தாதி, அதுதான் மிஸ்ஸி, வருவார் என்று வாசலைப் பார்த்தபடி இருந்தேன், வரவில்லை. ஐந்தாம் நாள் பேரனின் வெள்ளை விழி மஞ்சளித்திருந்தது. பாலுக்கு எழுப்பினால் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் தூங்கிப்போனான். பக்கத்து வீட்டு அக்கா காலை வெயிலில் காட்டச் சொன்னார், காட்டினேன். என் மூன்று பிள்ளைகளுக்கும் அதைத்தான் செய்தேன். மறுநாள் மாப்பிள்ளை வந்து பார்த்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். மூன்று இரவு கண்ணைக் கட்டி, நீல விளக்கின் கீழ் கிடந்தான் பிள்ளை. இப்போது நலம். ஆனால் வீணாய்ப் போன அந்த ஒரு நாளை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. கிள்ளானில் மிஸ்ஸி வந்து, பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினாராம். இனிப் பிள்ளை பெற வருகிறவர்களுக்கு இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:
அம்மா, ஏழாம் மாதப் பரிசோதனையிலேயே பிரசவத்துக்குப் பின் எந்த வீட்டில் இருப்பார் என்று சொல்லி, கர்ப்பிணிக்குக் கிளினிக்கில் தரும் இளஞ்சிவப்புப் பரிசோதனைப் புத்தகத்தில் தாய்வீட்டு முகவரியையும் எழுதச் சொல்லுங்கள். வந்து இறங்கிய அன்றே பக்கத்து அரசாங்க கிளினிக்கில் புத்தகத்தைக் காட்டுங்கள். தோட்டத்தில் வீட்டு எண்ணை வைத்துக்கொண்டு தேட முடியாது. செம்பனைக்குள் மோட்டாரில் சுற்றிச் சுற்றி அலைந்திருக்கிறேன். "கோயில் தாண்டி இரண்டாவது லயன் வீட்டு வரிசை, நீலத் தண்ணீர்த் தொட்டி" என்று எழுதுங்கள், நேராக வந்துவிடுவார்கள்.

வெயில் மருந்தாகாது. மஞ்சள் அளவு கூடி மூளையைத் தாக்கினால் காது கேளாமல் போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முகத்தில் தொடங்கும் மஞ்சள் வயிறு, கால் என்று இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் தூங்கினாலோ உடனே கிளம்புங்கள், மிஸ்ஸிக்காகக் காத்திருக்காதீர்கள்.

இரண்டு பிள்ளைத் தகப்பன்:
பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற இரத்த அணு நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பார்களே, முடிவைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. என் மூத்தவனுக்குக் குறைபாடு. அந்துருண்டை போட்டு வைத்த துணியை அவனுக்குப் போடக்கூடாது என்று அப்போதுதான் தெரிந்தது. அது இரத்த அணுக்களை உடைத்து மஞ்சளைக் கூட்டிவிடும்.

சுங்கை சிப்புட் அம்மா:
பேரனுக்குக் குறைபாடு இல்லையாம் தம்பி. இருந்தாலும் தொட்டில் சேலையைப் பெட்டியிலிருந்துதான் எடுத்தேன், அந்துருண்டை வாசம் போகாமல் இருந்தது. நேற்றே துவைத்துப் போட்டுவிட்டேன். என் அண்ணன் மகளுக்கு இப்போது எட்டு மாதம். அவளுடைய புத்தகத்தில் எங்கள் லயனுக்கு வழி எழுதிக் கொடுத்திருக்கிறேன் மிஸ்ஸி, மாரியம்மன் கோயில் வளைவிலிருந்து.