தெரியாத துறைமுகத்துக்குள் இரவில் நுழையலாமா?

கேள்வி:
நானும் மனைவியும் 11 மீட்டர் பாய்மரப் படகில் முதல்முறையாக வேறொரு நாட்டுக்குப் போகிறோம், நான்கு நாள் பயணம். கணக்குப்படி கடைசி நாள் இரவு பத்து மணிக்குத் துறைமுக வாயிலில் இருப்போம். பெரிய நகரம், சரக்குக் கப்பல்கள் நிறைய. ஜிபிஎஸ்ஸும் மின்னணு வரைபடமும் இருக்கின்றன, அதை நம்பி உள்ளே போய்விடலாமா? கரையில் முதலில் யாரைப் பார்க்க வேண்டும்?

பதில் 1:
போகாதீர்கள். பெரிய நகரம் என்பதுதான் பிரச்சினையே. கப்பல் போகும் கால்வாயின் இரு ஓரங்களையும் காட்டும் மிதவைகளின் விளக்குகள் பின்னாலிருக்கும் நகர வெளிச்சத்தில் கரைந்துபோகும். நான் ஒருமுறை கால்வாயின் சிவப்பு மிதவை என்று நினைத்து ஒரு விளக்கை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன், அது திடீரென்று பச்சையானபோதுதான் கரையில் இருக்கும் சாலை சிக்னல் என்று புரிந்தது, அதற்குள் ஆழம் 3 மீட்டருக்கு வந்துவிட்டது. வெளியிலேயே விடியும்வரை காத்திருங்கள். முன்பாயைக் காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்டி, சுக்கானையும் கட்டிவிட்டால் படகு மெதுவாக நகர்ந்தபடி அமைதியாக மிதக்கும்.

பதில் 2:
இன்னொன்று, அங்கே எந்த மிதவை முறை என்று பாருங்கள். உலகில் பெரும்பாலான இடங்களில் உள்ளே வரும்போது சிவப்பு இடப்பக்கம். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் பக்கம் அப்படியே தலைகீழ், சிவப்பு வலப்பக்கம். களைத்த மூளை பழகிய பக்கத்துக்குத்தான் திருப்பும்.

பதில் 3:
கரை விஷயம். அந்த நாட்டுக் கடல் எல்லைக்குள் வந்ததும், இன்னும் நுழைவு அனுமதி பெறவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றுங்கள், ரேடியோவில் சேனல் 16-ல் கூப்பிட்டால் எந்தச் சேனலுக்கு மாற வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்று சொல்வார்கள். சுங்கமும் குடியேற்ற அதிகாரிகளும் அனுமதி தரும்வரை பல நாடுகளில் கேப்டன் மட்டும்தான் இறங்கலாம். பாஸ்போர்ட், படகின் பதிவுச் சான்று, காப்பீடு, படகில் இருப்போர் பட்டியல், அப்புறம் முக்கியமாக, கடைசியாகக் கிளம்பிய துறைமுகம் தந்த புறப்பாட்டுச் சான்று. இதை வாங்காமல் கிளம்பிவிட்டுப் பலர் தவிக்கிறார்கள். அனுமதி கிடைத்ததும் மஞ்சளை இறக்கிவிட்டு அந்த நாட்டுக் கொடியை வலப்பக்கம் ஏற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. புறப்படுவதையே பத்து மணி நேரம் தள்ளிவைக்கிறோம். அப்படியும் முன்னாலேயே போய்விட்டால், காத்திருக்கும்போது இருவரும் தூங்கலாமா?

பதில் 1:
கூடாது. கப்பல் பாதையை விட்டு நன்றாக விலகி நில்லுங்கள், ஒருவர் தூங்கினால் இன்னொருவர் மேலே விழித்திருக்க வேண்டும்.