'பெரிய வீடு' குழுவில் காட்ஜில்லா

[7:12] முருகேசன் பெரியப்பா: கார்த்தி, நீ குடுத்துட்டுப் போன டிஸ்க் ரெண்டையும் பார்த்தாச்சு. சனிக்கிழமை 1954-ல வந்த முதல் காட்ஜில்லா படம், அந்த ஜப்பான் ராட்சத மிருகம். தூக்கமே வரல. நேத்து ரெண்டாம் பாகம். பாதியிலயே தூங்கிட்டேன்.

[7:14] பிரபு: காட்ஜில்லா கத்துனதைவிட அப்பா குறட்டை ஜாஸ்தி.

[7:15] நிலா (அம்மா போன்ல): சித்தப்பா எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சுது!! அதுலதான் சண்டை இருக்கு. காட்ஜில்லாவோட மோதுற முள்ளு முதுகு மிருகம் அங்கிரஸ் செம. ஆனா அது முட்டி போட்டே நடக்குது 😂

[7:31] கார்த்தி ஒசாகா: கரெக்டா கண்டுபுடிச்ச நிலா. மிருக உடுப்புக்குள்ள ஒரு ஆள் முட்டி போட்டுத்தான் தவழ்ந்தாரு. ரெண்டு மிருகம் மோதுறது இந்த வரிசையில அதுதான் முதல் தடவை. அப்புறம் வந்த மோதல் படத்துக்கெல்லாம் பிள்ளையார் சுழி.

[7:33] பிரபு: சண்டை என்னடா, தெருநாய் ரெண்டு கடிச்சுக்கிற மாதிரி பரபரன்னு ஓடுது. முதல் படத்துல மலை நடந்து வர்ற மாதிரி வந்தான்ல.

[7:40] கார்த்தி ஒசாகா: அது தப்புல வந்ததுண்ணே. மிருகம் பெருசாத் தெரியணும்னா கேமராவ வேகமா ஓட்டி எடுக்கணும், திரையில மெதுவா அசையும். ஒரு கேமராவ மட்டும் மெதுவா ஓடுற மாதிரி மாத்தி வெச்சுட்டாங்க, திரையில பரபரன்னு ஆயிடுச்சு. தந்திரக் காட்சி எடுத்த சுபுராயாவுக்கு அது பிடிச்சுப் போய் அப்படியே விட்டுட்டாரு.

[7:42] முருகேசன் பெரியப்பா: தப்பு பண்ணிட்டு ஸ்டைல்னு சொல்றது எல்லா ஊர்லயும் உண்டு போல.

[7:43] முருகேசன் பெரியப்பா: அவசரத்துல பண்ண படம்டா அது. முதல் படம் 1954 நவம்பர் 3, இது 1955 ஏப்ரல் 24. ஆறு மாசம்கூட ஆகல. முதல் படத்து டைரக்டர் ஹோண்டா இல்ல, அதுக்கு மியூசிக் போட்ட இஃபுகுபேவும் இல்ல. அந்த டன் டன் டன் இல்லாம என்ன காட்ஜில்லா? தாளிக்காத சாம்பார்.

[7:44] செல்வி சித்தி: காலங்காத்தால சாம்பார்னதும் ஞாபகம் வருது, மீனா என் தூக்குச்சட்டி உங்க வீட்டுல இருக்கா?

[7:46] மீனா அண்ணி: இருக்கு சித்தி, நிலாகிட்ட குடுத்து விடுறேன்.

[7:52] கார்த்தி ஒசாகா: பெரியப்பா சொல்றதை அப்ப ஜனங்களும் சொல்லிருப்பாங்க போல. முதல் படத்துக்கு 96 லட்சம் டிக்கெட், இதுக்கு 83 லட்சம். அடுத்த படத்துக்கு ஏழு வருஷம் ஆச்சு. 1962-ல கிங்காங்கோட மோதவிட்டப்பதான் ஒரு கோடியைத் தாண்டுச்சு.

[7:53] பிரபு: அப்ப நிலா கட்சிதான் ஜெயிச்சுது. சண்டை போட்டா கூட்டம் வரும்.

[7:55] கார்த்தி ஒசாகா: அமெரிக்காவுல இன்னும் மோசம்ணே. 1959-ல பேரையே 'ஜைகாண்டிஸ்'னு மாத்தி, காட்ஜில்லா கத்துற எடத்துல பெரும்பாலும் அங்கிரஸ் சத்தத்தைப் போட்டு வெச்சாங்க.

[8:20] மீனா அண்ணி: சரசு அத்தை பக்கத்துல உக்காந்து சொல்றாங்க, அப்படியே டைப் பண்றேன். "எனக்கு சண்டை ஒண்ணும் மனசுல நிக்கல. கீழ ஓடுற எழுத்தை நிலா வாசிச்சு வாசிச்சு சொன்னா. அந்த மிருகத்துக்கு வெளிச்சம் கண்டா ஆகாது, அணுகுண்டு ஞாபகம் வந்துரும்னு அந்த விஞ்ஞானிக் கிழவர் சொல்றாரு. ஊரே விளக்கை அணைச்சுட்டு இருட்டுல மூச்சு விடாம நிக்குது. அதுலதான் எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. 42-ல ஜப்பான்காரன் குண்டு போட வர்றான்னு மெட்ராஸே காலியாச்சு. கண்ணாடிக்கெல்லாம் கருப்புத் துணி கட்டிட்டு, பீடி பத்த வெச்சாலும் திட்டுவாங்கன்னு எங்கம்மா சொல்லும். அண்ணன் கைக்குழந்தை. தூக்கிட்டு ரயிலேறி மதுரைக்கு வந்துட்டாங்க. யாருக்கு பயந்து விளக்கை அணைச்சோமோ, அவங்களும் அதே மாதிரி அணைச்சுட்டு உக்காந்திருந்திருக்காங்க."

[8:22] முருகேசன் பெரியப்பா: அந்த சீன் வந்ததா? நான் தூங்கிட்டேன் போல.

[8:23] பிரபு: 😶

[8:41] கார்த்தி ஒசாகா: அத்தை, படத்துல விளக்கை அணைக்கிற ஊர் ஒசாகாதான். 1945 மார்ச்சுல குண்டு போட்டு அந்த ஊர் நிஜமாவே எரிஞ்சுது. பத்து வருஷம் கழிச்சு இந்தப் படம். தியேட்டர்ல உக்காந்திருந்தவங்கள்ல பாதிப் பேராவது அந்த இருட்டுல நிஜமாவே நின்னவங்களா இருப்பாங்க. நான் இதை மூணு தடவை பார்த்துட்டேன், மூணு தடவையும் மாடல் கட்டடத்தைத்தான் பார்த்துட்டு இருந்தேன்.

[8:44] செல்வி சித்தி: எனக்கு அந்த ப்ளேன்ல போய் கடல்ல மீன் எங்க இருக்குன்னு பார்த்துச் சொல்ற பையன்தான் பிடிச்சான். கொபயாஷி. அவனைப் போய்க் கொன்னுட்டாங்களே 😢 கல்யாணக் கனவெல்லாம் கண்டுட்டு இருந்தான்.

[8:45] பிரபு: சித்தி, அவன் ப்ளேன் மலையில மோதி பனி சரிஞ்சதாலதான காட்ஜில்லாவை ஐஸ்ல புதைக்கலாம்னு யோசனையே வருது.

[8:45] செல்வி சித்தி: யோசனை வர்றதுக்கு ஒரு ஆள் சாகணுமா?

[9:05] கார்த்தி ஒசாகா: 📷 படம்
இன்னைக்கு எடுத்தது. படத்துல இடிச்ச ஒசாகா கோட்டை இதுதான். 1931-ல ஊர்க்காரங்க காசு போட்டு கான்கிரீட்ல திருப்பிக் கட்டினது. போர்ல தப்பிச்சதை சினிமாவுல இடிச்சுட்டாங்க.

[9:07] நிலா (அம்மா போன்ல): இடிக்கவே இல்லையே சித்தப்பா 🙄

[9:09] மீனா அண்ணி: அத்தை கேக்குறாங்க, மேல போக லிஃப்ட் இருக்கா, இல்ல அங்கிரஸ் மாதிரி முட்டி போட்டுத்தான் ஏறணுமா?

[9:10] கார்த்தி ஒசாகா: இருக்கு அத்தை. பாஸ்போர்ட் எடுங்க மொதல்ல.